சுமை தூக்கக் கற்றுத்தருவது எப்படி?

கனமான புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு அதே புத்தகத்தை, கைகளை முழுவதும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி இன்னொரு நிமிடம் நில்லுங்கள். முதல் நிமிடம் போனதே தெரிந்திருக்காது. இரண்டாம் நிமிடம் முடிவதற்குள் தோள் கடுக்கும். இடுப்பின் பின்புறத் தசைகள் இறுகுவதையும் உணர்வீர்கள். புத்தகத்தின் எடை மாறவில்லை. உங்கள் உடலுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் மட்டுமே மாறியது.

கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் நாள் முழுவதும் எதையாவது தூக்கியும், இறக்கியும், தள்ளியும், இழுத்தும் உழைப்பவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுள் பலருக்கு முப்பது வயதிலேயே இடுப்புவலி வந்துவிடுகிறது. ஆகவே பல நாடுகளின் தொழிலகங்களில் ஓர் அனுபவசாலியைத் தேர்ந்தெடுத்து, பாதுகாப்பாகச் சுமை கையாளும் முறையை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநராக்குகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் வகுத்த சுமை பற்றிய உடன்படிக்கையிலேயே, சுமை தூக்குவோருக்கு வேலையில் அமர்த்துமுன் பயிற்சி தரவேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. அந்த உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நன்றாகத் தூக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் நன்றாகக் கற்றுத்தரத் தெரியும் என்று சொல்ல முடியுமா? கணக்கில் புலியாக இருக்கும் நண்பனிடம் ஒரு கணக்கைக் கேட்டுப் பாருங்கள், "இது தெரியாதா? இப்படிப் போடு!" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவான். பயிற்றுநருக்கும் முதலில் பயிற்சி வேண்டும். அவர் என்ன கற்க வேண்டும் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதுகு ஒரு நெம்புகோல்

பயிற்றுநர் முதலில் அறியவேண்டியது உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் நெம்புகோல் தத்துவமே. விசையையும், சுழலிடத்திலிருந்து அதன் செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். ஏற்றப் பலகையின் இருபுறமும் திருப்புத்திறன் சமமாக இருந்தால் பலகை சமநிலையில் நிற்கும்.

நம் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை ஏற்றப் பலகையின் சுழலிடமாகக் கொள்ளுங்கள். கையில் உள்ள சுமை முன்பக்கம் இருக்கிறது. அது உடலை முன்னால் கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை முதுகுத் தசைகள். இத்தசைகள் முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் உள்ளன. சுமையோ 30, 40, 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பார்த்தீர்களா, எவ்வளவு அநியாயமான ஏற்றப் பலகை இது!

கணக்கிட்டுப் பார்ப்போம். 20 கிலோகிராம் பெட்டி முதுகெலும்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது. 20ஐ 30ஆல் பெருக்கினால் 600. இதைச் சமன்செய்ய, 5 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள தசை 120 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். பெட்டியை 60 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்தால்? 240 கிலோகிராம்! தசை இழுக்கும் இந்த விசை வீணாகப் போவதில்லை. அது முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டுகளின்மேல் வந்து அழுத்துகிறது.

இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. தரையில் கிடக்கும் ஒரு பென்சிலை இடுப்பை வளைத்துக் குனிந்து எடுக்கிறீர்கள். பென்சிலின் எடை ஒரு பொருட்டல்ல. ஆனால் இடுப்புக்கு மேலே உள்ள உடல், 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிலோகிராம் இருக்கும். குனியும்போது அதன் ஈர்ப்பு மையம் 25 சென்டிமீட்டர் முன்னால் போவதாகக் கொள்வோம். 750ஐ 5ஆல் வகுத்தால் 150 கிலோகிராம். வெறுங்கையோடு குனிவதற்கே இவ்வளவு! உடலில் வேறு பல தசைகளும் துணை செய்வதால் இவை தோராயக் கணக்குகளே. எனினும் பயிற்றுநர் இந்த இரண்டு கணக்குகளையும் கரும்பலகையில் போடத் தெரிந்தவராக இருந்தால், பாதிப் பாடம் முடிந்தது என்பது என் கருத்து.

தன் முதுகையே கொடுத்த மருத்துவர்

"தட்டின்மேல் அழுத்தம் விழுகிறது என்று கணக்குப் போடுகிறீர்களே, உள்ளே போய் அளந்து பார்த்தவர் உண்டா?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசிமுனையில் பொருத்திய கருவியால் இத்தகைய அளவீடுகளைத் தொடங்கினார். பின்னர் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கே என்பவரின் குழுவினர் இன்னும் நுட்பமான கருவியோடு அந்தச் சோதனையைச் செய்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதனைக்குத் தம் உடலைத் தந்தவர் 45 வயதான ஓர் எலும்பு மருத்துவர்! அவருடைய இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டில் மெல்லிய அழுத்தமானியைச் செருகி, நிற்கவும், படுக்கவும், உட்காரவும், சுமை தூக்கவும், இரவு முழுவதும் உறங்கவும் செய்து அளந்தார்கள்.

மல்லாந்து படுத்திருந்தபோது தட்டின் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஒரு மடங்கு. நேராக நின்றபோது ஐந்து மடங்கு. 20 கிலோகிராம் சுமையை மார்போடு ஒட்டிப் பிடித்திருந்தபோது பதினொரு மடங்கு. அதையே 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது பதினெட்டு மடங்கு. முழங்காலை மடக்கி அதைத் தூக்கியபோது பதினேழு மடங்கு. முதுகை வில்லாக வளைத்துத் தூக்கியபோது இருபத்துமூன்று மடங்கு! ஒரு காரின் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். அத்தகைய பத்து டயர்களின் அழுத்தத்தைத் தாங்கியது அந்தச் சிறு தட்டு. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் இது. ஆயினும் எது கூடும், எது குறையும் என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

உறக்கத்திலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இரவு ஏழு மணி நேரத்தில் தட்டின் அழுத்தம் இரண்டு மடங்குக்குமேல் உயர்ந்தது. சுமையில்லாத நேரத்தில் தட்டு சுற்றிலுமிருந்து நீரை உறிஞ்சி உப்புகிறது; பகலில் நடமாடும்போது அந்நீர் பிழியப்படுகிறது. இதை நம்பக் கடினமாக இருந்தால், காலையில் எழுந்தவுடன் சுவரில் உங்கள் உயரத்தைக் குறியுங்கள். மாலையில் மீண்டும் குறியுங்கள். காலைக் கோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கும்! உப்பிய தட்டு குனியும்போது அதிகமாக இறுகுகிறது. ஆகவே படுக்கையை விட்டு எழுந்தவுடன் கனமான பொருளைக் குனிந்து தூக்காதிருப்பது நல்லது.

ஒரு முடிச்சு கற்பித்த பாடம்

உடலைப் பற்றி இவ்வளவும் அறிந்த பயிற்றுநர் வகுப்பின் முன் நிற்கிறார். இனி எப்படிக் கற்பிப்பது? இதற்கு நல்ல விடை, சுமையோடு தொடர்பே இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது.

முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் புதிய ஆட்களுக்கு விரைவாகத் தொழில் கற்பிக்க வேண்டியிருந்தது. சார்ல்ஸ் ஆலன் என்பவர் அங்கே நான்கு படிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்து, 1919இல் நூலாகவும் எழுதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அந்நாட்டு அரசு அதே முறையைச் செப்பனிட்டுத் தொழிலகங்களுக்கெல்லாம் கொண்டுபோனது. தொழில் கற்பிப்பதற்கான வகுப்பு மொத்தம் பத்தே மணி நேரம். இரண்டு மணி வீதம் ஐந்து நாள். அதில் பங்கேற்றவர்கள் மாணவர்கள் அல்லர், கற்பிப்பவர்கள்.

அந்த வகுப்பின் முதல் நாளில் ஒரு சிறு நாடகம் நடக்கும். தொங்கும் பல்பு ஹோல்டருக்குள், இரு கம்பிகளையும் பிணைத்துப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. யாராவது கம்பியை இழுத்தாலும் இழுவை திருகாணிகளில் விழாதபடி அது காக்கும். வகுப்பை நடத்துபவர் ஒருவரை அழைத்து, அம்முடிச்சைப் போடும் முறையை வாயால் மட்டும் சொல்வார். "இடக்கம்பியை வலக்கம்பிக்கு முன்னால் வளைத்து..." என்று போகும் அது. கேட்டவர் விழிப்பார், முடிச்சு வராது. அடுத்து இன்னொருவரை எதிரே நிறுத்தி, பேசாமல் முடிச்சைப் போட்டு மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகத் தெரியும் அல்லவா? மூன்றாவது ஆளுக்கு முறைப்படி கற்பிப்பார், அவருக்கு வந்துவிடும். சொன்னால் மட்டும் போதாது, காட்டினால் மட்டும் போதாது என்பதை இதைவிட அழகாக விளக்க முடியாது. உங்கள் வகுப்பில் காலணி நாடாவை வைத்துக்கொண்டு இதே நாடகத்தை நடத்திப் பாருங்கள். வாய்ச்சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு, தெரியாதவரைப் போல் நாடா கட்டச் சொல்லுங்கள், நன்றாகச் சிரிக்கலாம்.

முறையான அந்த நான்கு படிகளைச் சுமை தூக்கும் பாடத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில், கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இதை நாம் நீட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, செய்து காட்டுவது. பெட்டியருகே செல்வது, கால்களைச் சற்று அகற்றி ஒன்றை முன்வைத்து நிற்பது, பிடிப்பது, உடலோடு ஒட்டி எழுவது, திரும்புவது, வைப்பது என்று வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறிலும் கவனிக்க வேண்டிய ஒன்றையும், அதன் காரணத்தையும் கூற வேண்டும். "திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் கால்களை நகர்த்தித் திரும்புங்கள், முறுக்கும்போது தட்டின் நார்களில் ஒரு பாதி மட்டுமே இழுவையைத் தாங்குகிறது" என்பது போல. கற்பவர் எதிரே அல்ல, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதுகின் வளைவு பக்கவாட்டிலிருந்துதான் தெரியும்.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கற்பவர் பேசாமல் ஒருமுறை செய்ய வேண்டும். தவறினால் உடனே திருத்த வேண்டும். பிறகு மீண்டும் செய்துகொண்டே, எதை ஏன் செய்கிறோம் என்பதை அவரே வாயால் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நான்காவது, கற்பவரைத் தனியே வேலைசெய்ய விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லிவைத்து, அடிக்கடி போய்ப் பார்த்து, நாளடைவில் அதைக் குறைத்துக்கொள்வது.

தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பது இப்பாடத்துக்கே உரிய தொல்லை. அதற்கு எளிய கருவி ஒரு துடைப்பக் கட்டையோ மூங்கில் கழியோதான். கழியை முதுகோடு நீளவாக்கில் வைத்து, தலையின் பின்புறம், தோள்களுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே என மூன்று இடங்களில் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று இடமும் விலகாமல், முழங்காலைச் சிறிது மடக்கி, தொடைப் பூட்டிலிருந்து முன்னால் சாயுங்கள். கழி எங்காவது விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். சொற்களால் ஒரு மணி நேரம் விளக்குவதை இக்கழி ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும்.

காரணம் தெரியாத விதி

"முதுகை நேராக வை, முழங்காலை மடக்கு" என்ற வாசகத்தைப் பல தொழிலகச் சுவர்களில் காணலாம். இதை மனப்பாடமாக ஒப்பிக்கும் பயிற்றுநரால் கேடும் விளையலாம். அகலமான பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை முழுவதும் மடக்கி உட்கார்ந்தால், பெட்டி முழங்கால்களுக்கு நடுவே நுழையாது. அவற்றுக்கு முன்னால்தான் நிற்கும். முதுகெலும்பிலிருந்து அதன் தூரம் கூடிவிடும். கணக்கு என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்! முழுவதும் உட்கார்ந்து எழுவது முழங்காலுக்கும் பெரும் உழைப்பு. அதனால்தான் பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி, முழுக் குனிவும் வேண்டாம், முழு உட்காரலும் வேண்டாம், முதுகு, இடுப்பு, முழங்கால் மூன்றையும் சிறிது சிறிது மடக்கித் தொடங்குவதே மேல் என்கிறது.

மருத்துவமனையில் நிலைமை முற்றிலும் வேறு. நோயாளி பெட்டியல்லவே! அவருக்குக் கைப்பிடி இல்லை, நடுவில் பயந்து செவிலியின் கழுத்தைக் கட்டிக்கொள்வார், சரிவார். பெட்டியை வைத்துக் கற்ற பாடம் அங்கே செல்லாது. ஆகவே பயிற்சி எந்த வேலைக்கோ, அந்த வேலையின் சுமையைக் கொண்டே, அது நடக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

இருவர் சேர்ந்து தூக்கினால் இருமடங்கு தூக்கலாம் என்பதும் தவறான எண்ணமே. அதே வழிகாட்டியின்படி, இருவர் சேர்ந்தால் இருவரின் திறனையும் கூட்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கில் கொள்ளலாம். மூவர் என்றால் பாதிதான். ஒருவர் நொடி முந்தி எழுந்தால் சுமை மற்றவர்மேல் சாய்ந்துவிடுகிறது. அதனால் ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். பாய்மரம் ஏற்றுபவர்களும் தேர்வடம் பிடிப்பவர்களும் குரலொன்றுக்கு இசைந்து இழுப்பது இதனால்தான்.

அஞ்சல் ஊழியர்கள் நாலாயிரம் பேர்

இனி ஒரு சங்கடமான செய்தி. அமெரிக்க அஞ்சல் ஊழியர்கள் ஏறக்குறைய 4000 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு முதுகைக் காக்கும் பயிற்சி தந்தார்கள். மறு பகுதியினருக்குத் தரவில்லை. ஐந்தரை ஆண்டுகள் கவனித்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் அறிவு கூடியிருந்தது. ஆனால் முதுகுக் காயங்கள்? இரு பகுதியினருக்கும் வேறுபாடு இல்லை! பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், தூக்கும் முறையை மட்டும் கற்பிப்பதால் முதுகுவலி குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறினர்.

அப்படியானால் இவ்வளவு நேரம் படித்ததெல்லாம் வீணா? இல்லை. ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்குப் பலநூறு பெட்டிகள். அவை தரையோடு தரையாகக் கிடக்கின்றன, இடமோ குறுகல், வண்டியோ வெளியே காத்திருக்கிறது. அந்நிலையில் எவ்வளவு நல்ல பாடமும் பத்தாவது பெட்டியிலேயே மறந்துபோகும். பென்சில் கணக்கை நினைத்துப் பாருங்கள். குனிய வேண்டிய இடத்தில் பெட்டி இருக்கும்வரை, பெட்டி காலியாக இருந்தாலும் முதுகுக்கு வேலைதான். குறை தொழிலாளியின் தூக்கும் முறையில் இல்லை, வேலையின் அமைப்பில் இருக்கிறது. பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காயம்பட்டவரையே குற்றம் சொல்வதற்குப் பாடம் பயன்படுமானால், அந்தப் பாடம் நடவாமலிருப்பதே நல்லது.

1993 ஜனவரி முதல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த சுமை கையாளல் விதிகள் இதை ஒழுங்காக வரிசைப்படுத்துகின்றன. கையால் தூக்குவதைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், வேலை, ஆள், சுமை, இடம் ஆகியவற்றை ஆராய வேண்டும். பிறகு ஆபத்தைக் குறைக்க வேண்டும். அங்கே பயன்படும் தோராய அளவுகளைப் பாருங்கள்: ஓர் ஆண் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்க 25 கிலோகிராம், பெண்ணுக்கு 16. அதே ஆண், பாதத்தருகிலிருந்து தூக்குவதானால் 10 மட்டுமே; கையை நீட்டித் தூக்குவதானால் 5 மட்டுமே. ஆள் மாறவில்லை, பெட்டி இருக்கும் இடந்தான் மாறியது. அங்கே சிமெண்ட் மூட்டை 25 கிலோகிராமில் விற்கிறது. நம் நாட்டில் அது 50 கிலோகிராம் என்பது நீங்கள் அறிந்ததே.

உயரத்தை மாற்றிச் சுமையைக் குறைக்கும் இந்தத் தந்திரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பழைய சாலையோரங்களில், இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்த சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கமாயிருந்தது. தலையில் சும்மாடு வைத்துச் சுமையோடு நடப்பவருக்கு, சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே இருப்பதால் முன்னால் கவிழ்க்கும் திருப்புத்திறன் அநேகமாக இல்லை. கழுத்துதான் முழு எடையையும் தாங்க வேண்டும். உண்மையான ஆபத்து இறக்கும்போதும் ஏற்றும்போதும்தான். தோள் உயரக் கல் ஒன்று இருந்தால், குனியாமல், ஆள் துணையில்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்று கிடங்குகளில் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றித்தரும் மேசைகள் செய்வதும் இதையேதான்.

எனவே நல்ல பயிற்றுநரின் கையில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்றில் தொழிலாளிக்கு அவர் கற்பிப்பவை. மற்றொன்றில், பாடம் நடத்தும்போது தொழிலாளர்கள் சொல்லும் குறைகள்: இந்த அலமாரியின் அடித்தட்டில் கனமான பொருள் இருக்கிறது; தள்ளுவண்டியின் சக்கரம் சுற்றவில்லை; வாசற்படி வழுக்குகிறது. இரண்டாவது ஏட்டை அவர் மேலாளரிடம் கொண்டுபோகிறார். நான்காம் படியில் மீண்டும் வந்து பார்க்கும்போது, தொழிலாளியின் முதுகு வளைகிறதா என்பதோடு, அந்தச் சக்கரம் பழுது நீக்கப்பட்டதா என்பதையும் பார்க்கிறார்.

நீங்களும் ஒருநாள் பயிற்றுநராகிப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீர் நிறைந்த குடத்தைக் குழாயடியிலிருந்து இடுப்பில் ஏற்றி, வீட்டு மேடையில் வைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியதையும் காரணத்தையும் எழுதுங்கள். குடத்தின் எடையை விட்டுவிட்டு, தண்ணீரின் எடையை மட்டும் கொண்டு, முதுகெலும்பிலிருந்து 20, 40 சென்டிமீட்டர் தூரங்களில் தசை இழுக்க வேண்டிய விசையைக் கணக்கிடுங்கள். பிறகு வீட்டில் நாள்தோறும் குடம் சுமப்பவர் யாரோ, அவரிடம் போய், குழாயடியில் எதை மாற்றினால் வேலை எளிதாகும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை இரண்டாவது ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.